ஆன் ஹாத்தவே வீடு: மரச்சட்டம், வேய்ந்த கூரை பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

இங்கிலாந்துல ஸ்ட்ராட்ஃபோர்டு போய் ஆன் ஹாத்தவே வீட்டைப் பாத்துட்டு வந்து ஃபோட்டோ காமிச்ச நாள்ல இருந்து வீட்டுலயும் சரி ஆபீஸ்லயும் சரி இதே கேள்விங்கதான். "அது குடிசை தானே, 500 வருஷம் எப்படி நிக்குது"ன்னு ஆரம்பிச்சு "கரையான் அரிக்காதா" வரைக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரல் வலிக்குது, அதனால மொத்தமா இங்க.

முதல்ல இது யார் வீடு? ஷேக்ஸ்பியர் வீடா?

இல்லங்க, அவரோட மாமனார் வீடு. இங்கிலாந்துல வாரிக்‌ஷர்னு ஒரு பகுதி, அதுல ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் ஊர்ல இருந்து ஒரு மைல் தள்ளி ஷாட்டரின்னு கிராமம், அங்க இருக்கு. ஷேக்ஸ்பியர் 1582-ல கட்டிக்கிட்ட ஆன் ஹாத்தவே வளர்ந்த வீடு இது. அப்ப மாப்பிள்ளைக்கு 18 வயசு, பொண்ணுக்கு 26. மாமனார் ரிச்சர்டு பாவம் அந்தக் கல்யாணத்தைப் பாக்கல, முந்தின வருஷமே போய்ட்டார். ஷேக்ஸ்பியர் பொறந்த வீடு ஊருக்குள்ள ஹென்லி தெருவுல இருக்கு, அது வேற வீடு.

காட்டேஜ்னா குடிசைன்னுதானே அர்த்தம்? 12 ரூம் இருக்குன்னு சொல்றீங்க?

பேரு வெச்சது பின்னாடி வந்தவங்க. அந்தக் காலத்துல இதுக்கு ஹியூலண்ட்ஸ் பண்ணைன்னு பேரு, சொந்தமா பயிர் வெச்சு ஆடு மேய்ச்ச வசதியான விவசாயக் குடும்பம். நம்ம ஊர்ல பண்ணை வீடுன்னு சொல்ற அந்த அந்தஸ்துன்னு வெச்சுக்கோங்க. 18-ம் நூற்றாண்டு கடைசில ஷேக்ஸ்பியர் பேரைக் கேட்டாலே ஜனங்க உருக ஆரம்பிச்சாங்க, 1795-ல சாமுவேல் அயர்லாந்துன்னு ஒருத்தர் இந்த வீட்டைப் படமா வரைஞ்சு போட்டார், அதுக்கப்புறம் "காட்டேஜ்"னு சொன்னாதான் மனசுக்கு இதமா இருக்குன்னு அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. நிஜமான ஏழைங்க குடிசை எதுவும் 1460-கள்ல இருந்து இவ்வளவு முழுசா நிக்கல, வசதியானவங்க கட்டினதுதான் நிக்குது.

1463-ல கட்டினதுன்னா மொத்த வீடுமா?

இல்ல. ரோட்டுல இருந்து பாத்தா வீடு ஒரு பக்கம் தாழ்ந்தும் இன்னொரு பக்கம் உசந்தும் இருக்கும், கூரை ஒரே கோட்டுல போகாது. தாழ்ந்த பக்கம்தான் பழசு, முதல்ல மூணே ரூம். உசரமான பக்கம் 17-ம் நூற்றாண்டுல சேத்தது. ஆனோட சகோதரர் பார்த்தலோமியூ 1610-ல இந்த இடத்தைக் கிரயம் பண்ணி வாங்கினார், அதுவரைக்கும் குத்தகை. சொந்தமானா கை சும்மா இருக்குமா, சிம்னி, மாடின்னு வேலை நடந்தது அவர் காலத்துலதான். அப்புறம் சிம்னியைத் திரும்பக் கட்டினப்ப "ஐ.ஹெச். 1697"னு கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க, ஜான் ஹாத்தவேங்கிற பேரோட முதல் எழுத்து. அப்ப ஜே எழுத்தை ஐ-ன்னுதான் வெட்டுவாங்க.

இவ்வளவு எடையை அந்த மண் சுவரா தாங்குது?

இதான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிற இடம், கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். சுவர் எதையும் தாங்கல. ஒரு பந்தல் போடுறோம்னு நினைச்சுக்கோங்க, கால் நடுறோம், மேல குறுக்குக் கட்டை, அதுக்கு மேல கீத்து, பக்கத்துல தட்டி கட்டினா மறைப்பு, கட்டலைன்னாலும் பந்தல் விழாது. இந்த வீடும் அதே கணக்கு. ஓக் மரத்துல ஒரு எலும்புக்கூடு, மொத்த பாரமும் அதுல இறங்கித் தரைக்குப் போயிடும், நடுவுல இருக்கிற சுவரெல்லாம் வெறும் அடைப்பு. ஒரு கட்டத்துல இருக்கிற மண்ணை முழுசா தட்டி எடுத்துட்டா குளிர் வரும் காத்து வரும், வீடு விழாது. அதனாலதான் ஒரே வீட்டுல ஒரு கட்டம் மண்ணா இருக்கும், பக்கத்துக் கட்டம் செங்கல்லா இருக்கும், ஒவ்வொரு தலைமுறையும் கையில கிடைச்சதை வெச்சு அடைச்சிருக்காங்க. மரம் ஈரத்துல நிக்கக் கூடாதுன்னு அடியில மட்டும் கல்லுல கொஞ்ச உசரம் கட்டி அதுக்கு மேல மரத்தை உக்கார வெச்சிருக்கு.

உள்ள வளைஞ்சு போற பெரிய மரம் ஒண்ணு ஃபோட்டோல இருக்கே, அது ஏதாவது டெகரேஷனா?

அதுதான் பழைய பகுதியோட முதுகெலும்பு, க்ரக்னு சொல்வாங்க. இயற்கையாவே வளைஞ்ச ஓக் மரமா பாத்துத் தேடி எடுத்து, நீளவாக்குல ரெண்டாப் பிளந்தா ரெண்டு பாதியும் கண்ணாடில பாத்த மாதிரி ஒரே வளைவோட வரும். அந்த ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தி உச்சில சேத்தா ரெண்டு கையையும் கூப்பின மாதிரி ஒரு ஜோடி. தரையில இருந்து முகடு வரைக்கும் ஒரே மரம். தூண் தனி, கூரைச் சட்டம் தனின்னு கிடையாது. இந்த மாதிரி ஜோடியை வரிசையா நிறுத்தி நடுவுல கட்டைங்களால இணைச்சா வீட்டுக்கு உருவம் வந்துடும். மாடி ரூம்ல போய் நின்னா அந்த வளைவு சுவரோட ஏறி தலைக்கு மேல சேர்றது நல்லாத் தெரியும், எனக்கு அந்த வீட்டுலயே ரொம்பப் பிடிச்சது அதுதான்.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. இங்கிலாந்தோட மேற்குலயும் நடுப்பகுதிலயும் வடக்குலயும் க்ரக் வீடுங்க நிறைய, கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் போனா கிட்டத்தட்ட கிடையாது. அங்கயும் ஓக் இருக்கு, தச்சர் இருக்காங்க, ஆனா இந்த முறை இல்ல. ஏன்னு ஆராய்ச்சியாளருங்க பல வருஷமா அடிச்சுக்கிறாங்க. இந்த வீட்டோட புதுப் பகுதில க்ரக் இல்ல, அது பெட்டி மாதிரி நேர்த்தூணும் நேர்க்கட்டையும் வெச்சு அடுக்கினது, மேல மாடி வேணும்னா அதுதான் சௌகரியம், வளைஞ்ச மரம் ரூமோட இடத்தைத் தின்னுடும்ல.

பழைய கப்பலை உடைச்சு அந்த மரத்துல கட்டினதாமே?

இங்கிலாந்துல எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லுவார். நம்பாதீங்க. மரத்துல சம்பந்தமில்லாத துளைங்களைப் பாத்துட்டுக் கப்பல்னு முடிவு பண்ணிடுறாங்க, அது பெரும்பாலும் வேற ஒரு பழைய கட்டடத்து மரத்தைத் திரும்பப் பயன்படுத்தினதாவோ இல்ல இடிச்ச ஒரு தடுப்போட தடமாவோ இருக்கும். யோசிச்சுப் பாருங்க, வாரிக்‌ஷர்ல இருந்து கடல் எங்க இருக்கு. பக்கத்துலயே ஆர்டன் காட்டுப் பகுதி, ஓக்குக்குப் பேர்போன இடம், அதை விட்டுட்டுக் கப்பலை உடைச்சுத் தூக்கிட்டு வருவானா?

பச்சை மரத்துலயே கட்டுவாங்களாமே? காயாத மரம் வளையாதா?

வளையும், அதுக்குத்தான் காத்திருக்காங்க. ஓக் காஞ்சா இரும்பு மாதிரி ஆயிடும், கோடாலி உளி எதுவும் ஓடாது, அதனால வெட்டின சூட்டோட பச்சையா இருக்கும்போதே செதுக்கிடுவாங்க. ஒரு கட்டை முனையை நாக்கு மாதிரி செதுக்கி இன்னொரு கட்டைல துளை போட்டு அதுக்குள்ள நுழைச்சு, குறுக்கால மர ஆணி அடிக்கிறது. ஆணிக்காக ரெண்டு கட்டைலயும் போடுற துளை நேருக்கு நேர் வராம மயிரிழை தள்ளிப் போட்டிருப்பாங்க, ஆணி உள்ள போகும்போதே இணைப்பை இறுக்கி இழுக்கும். இரும்பு ஆணி ஓக்குல சீக்கிரம் அரிச்சுப் போகும், அந்த மரத்துல இருக்கிற துவர்ப்பு அப்படி. அடுத்த சில வருஷத்துல சட்டம் மொத்தமும் காஞ்சு முறுக்கிக்கும், இணைப்பு இன்னும் இறுகும், வீடு கொஞ்சம் கோணலாயிடும். நீங்க ஃபோட்டோல "அழகா இருக்கு"ன்னு சொன்ன கோணல் எல்லாம் பெரும்பாலும் முதல் தலைமுறைலயே வந்தது.

இன்னொண்ணு, இந்த மாதிரி வீடுங்களை நேரா இடத்துல வெச்சுக் கட்ட மாட்டாங்க. தச்சர் களத்துல தரையில படுக்க வெச்சு முழுச் சட்டத்தையும் சேத்துப் பாத்து, எந்த நாக்கு எந்தத் துளைக்குன்னு உளியால ரோமன் எண் கீறி, பிரிச்சு, வண்டில ஏத்திக்கிட்டுப் போய் நிறுத்துவாங்க. நாலுக்கு அவங்க பெரும்பாலும் நாலு கோடாத்தான் போடுவாங்க, பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்காது. பிரிச்சு மாட்டலாம்ங்கிறதால வீட்டையே இடம் மாத்தவும் முடியும். கென்ட் பக்கம் ஒரு நீர்த்தேக்கம் கட்டினப்ப முழுக இருந்த பேலீஃப்னு ஒரு 15-ம் நூற்றாண்டு வீட்டை 1960-கள் கடைசில கழட்டி, சசெக்ஸ்ல வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் மியூசியத்துல கொண்டு போய் திரும்ப நிறுத்தியிருக்காங்க.

சுவர் நெசமாவே சாணியா?

சாணியும் உண்டு. கட்டத்துக்குள்ள ஓக் குச்சிங்களை செங்குத்தா நிறுத்தி, ஹேசல்னு ஒரு புதர் மரத்துக் கம்பை கூடை பின்னுற மாதிரி குறுக்கால பின்னி, அது மேல களிமண், சாணி, நறுக்கின வைக்கோல் எல்லாம் மிதிச்சுக் குழைச்சு ரெண்டு பக்கமும் அப்புறது. மேல சுண்ணாம்பு. எங்க பாட்டி வீட்டு மாட்டுக்கொட்டாய்ல மூங்கில் வரிச்சு கட்டி மண் அப்பியிருக்கும், கைடு அங்க விளக்கிட்டு இருக்கும்போது எனக்கு அந்தச் சுவரோட வாசனையே வந்துடுச்சு. ஐடியா ஒண்ணுதான், யாரும் யாருகிட்டயும் கத்துக்கல, மண்ணும் குச்சியும் இருக்கிற இடத்துல எல்லாம் மனுஷன் இதைத்தான் பண்ணியிருக்கான்.

மரம் கருப்பு, சுவர் வெள்ளைன்னு அடிக்கிறது அந்தக் காலத்துல இருந்தே வர்றதா?

பளிச்னு கருப்பு வெள்ளை பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டு ஃபேஷன். அதுக்கு முன்னாடி ஓக்கை அப்படியே விட்டுடுவாங்க, வெயில் மழைல வெள்ளி மாதிரி சாம்பல் நிறத்துக்கு வந்துடும், இல்ல மரம் சுவர் ரெண்டுக்கும் சேத்தே சுண்ணாம்பு அடிச்சு விடுவாங்க. தார் பூசி கருப்பாக்கினது பின்னாடி வந்த ரசனை.

நான் கான்ட்ராக்டர். நல்ல சிமெண்ட் பூச்சு ஒண்ணு குடுத்துட்டா இன்னும் 500 வருஷம் நிக்குமே?

சார், தயவு செஞ்சு வேணாம். இந்த மாதிரி வீடுங்கள்ல நிறைய வீட்டைக் காவு வாங்கினது 20-ம் நூற்றாண்டு சிமெண்ட்தான். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுடும், மரத்தோட சேந்து கொஞ்சம் அசையும். சிமெண்ட் அசையாது. மரம் சுருங்கி விரியும்போது ஓரத்துல மெல்லிசா ஒரு விரிசல் விடும், அது வழியா மழைத்தண்ணி உள்ள போகும், போன தண்ணி வெளிய வர வழி இல்லாம மரத்துப் பக்கமே நிக்கும், வெளிய பாத்தா பூச்சு பளபளன்னு இருக்கும், உள்ள கட்டை பஞ்சாயிருக்கும். மெழுகு மாதிரி பெயிண்ட் அடிச்சாலும் இதே கதை. அதனாலதான் அங்க ரிப்பேர்னா சுண்ணாம்புக் கலவை, மண், கெட்டுப்போன மரத்தை மட்டும் வெட்டிப் புது ஓக்கை ஒட்டுப் போடுறது. இந்த வீடு அங்க முதல் கிரேடு பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு, அனுமதி இல்லாம ஆள் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது.

கூரை வைக்கோலா, கோரையா? மழைக்கு ஒழுகாதா?

இங்கிலாந்துல பொதுவா மூணு வகை போடுவாங்க. ஒண்ணு தண்ணில வளர்ற நாணல், நார்ஃபோக் பக்கம் இதுக்கு ஃபேமஸ். ரெண்டாவது கோதுமைத் தாளை சீவி அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசைல வர்ற மாதிரி அடுக்குறது. மூணாவது நீள வைக்கோல், அடியும் நுனியும் கலந்து கிடக்கும், பாக்க கொஞ்சம் கலைஞ்ச தலை மாதிரி இருக்கும், எனக்கு அதுதான் அழகு.

ஒழுகாம இருக்கிறதுக்குக் காரணம் சரிவு. 45 டிகிரிக்கு மேல, நல்ல வேலைன்னா 50 டிகிரி வரைக்கும் செங்குத்தா இருக்கும், ஒரு துளி விழுந்தா ஒரு தாள்ல இருந்து கீழ இருக்கிற தாளுக்குன்னு வழுக்கிட்டே இறவாரத்துக்குப் போயிடும், உள்ள இறங்க நேரமே இருக்காது. ஒரு அடிக்கு மேல கனம் இருந்தாலும் நனையுறது மேல கொஞ்சம்தான். கத்தையை இறுக்கிப் பிடிக்க ஹேசல் கம்பை நடுவுல முறுக்கி ரெண்டா மடக்கி அப்படியே குத்தி இறக்குவாங்க, பாக்க அச்சு அசல் கொண்டை ஊசி. இறவாரம் சுவரை விட்டு நல்லா வெளிய நீட்டியிருக்கும், தண்ணிக்குழாய் எதுவும் கிடையாது. மண் சுவர் பொழைச்சதே அந்த நீட்டலாலதான், சுவரை நனைய விட்டா அது ரெண்டு மாரிக்குத் தாங்காது.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?

நம்ம கீத்துக்கூரை ரெண்டு மூணு வருஷம்னா, அங்க வைக்கோல் ஏறக்குறைய 15-ல இருந்து 30 வருஷம், நாணல் 40 கூட வரும், ஆனா முகட்டு மேல இருக்கிற தொப்பியை மட்டும் 10, 15 வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாப் போடணும். நாணல் வளையாது, அதனால நாணல் கூரைக்கும் முகடு வைக்கோல்லயோ கோரைலயோதான்.

இதுல எனக்குத் தலை சுத்தின விஷயம் ஒண்ணு. வைக்கோல் கூரையை நிறைய இடத்துல முழுசாப் பிரிக்க மாட்டாங்க, மேல கெட்டதை மட்டும் சீவிட்டு அது மேலயே புதுசு போடுவாங்க, சட்டை மேல கோட்டு போடுற மாதிரி. அதனால டெவன் பக்கம் சில வீட்டுல அடி அடுக்கு 15-ம் நூற்றாண்டு வைக்கோலாவே இருக்கு, சிம்னி வர்றதுக்கு முன்னாடி எரிஞ்ச அடுப்புப் புகைல கரி பிடிச்சு, கதிர், களைச்செடி எல்லாம் அப்படியே. தாவரவியல்காரங்க அதைப் பிரிச்சுப் பாத்து அந்தக் காலத்து வயல்ல என்ன விளைஞ்சதுன்னு படிக்கிறாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா நல்ல வைக்கோல் கிடைக்கிறதில்ல. புதுக் கோதுமை ரகம் எல்லாம் குட்டை, அதோட அறுவடை மெஷின் தாளை நசுக்கிடுது. கூரைக்குன்னே மாரிஸ் விஜியன் மாதிரி உசரமான ரகத்தைத் தனியா விதைச்சு, பழைய கட்டு கட்டுற மெஷின்ல அறுக்கிறாங்க. ஐ.ஆர்.8 குட்டை நெல் வந்ததுக்கப்புறம் வைக்கோல் வேய்ச்சலுக்கு ஆகலன்னு எங்க தாத்தா புலம்பினது ஞாபகம் வந்துச்சு.

தீ பிடிச்சா?

கும்பகோணம் பள்ளிக்கூடத் தீயைப் பாத்த நமக்கு இந்தக் கேள்வி வராம இருக்காது. இந்த வீட்டுக்கே 1969-ல தீ பிடிச்சு நல்ல சேதம், அப்புறம் சரி பண்ணினாங்க. இறுக்கி அடுக்கின கூரை சட்டுனு பத்தாது, ஆனா பத்திக்கிட்டா அணைக்கிறது பெரும் பாடு, ஏன்னா தண்ணியை வழிய விடத்தானே அதைக் கட்டியிருக்கு, தீயணைப்புக்காரங்க அடிக்கிற தண்ணியும் வழிஞ்சுதான் போகும். கொக்கி போட்டுக் கூரையைப் பிச்சு எறியுறதுதான் வழி. இப்ப பெரும்பாலும் விறகு அடுப்பு, சிம்னி சூடு, பொறி இதுலதான் ஆரம்பிக்குது.

லண்டன்ல 1212-ல பெரிய தீ வந்ததுமே புதுக் கூரை வேய்க்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. மாப்பிள்ளை ஷேக்ஸ்பியரோட குளோப் தியேட்டர் தேம்ஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால வேய்ந்த கூரை, 1613 ஜூன் 29 அன்னைக்கு நாடகத்துல சத்தத்துக்காக வெடிச்ச பீரங்கில இருந்து பொறி பறந்து மொத்தமும் சாம்பல். ஆள் சேதம் இல்ல, ஒருத்தரோட கால்சட்டை மட்டும் பத்திக்கிச்சு, பக்கத்துல இருந்த ஏல் பீரை ஊத்தி அணைச்சாங்கன்னு அந்தக் காலத்துக் கடிதம் ஒண்ணு சொல்லுது. அடுத்த வருஷமே ஓடு போட்டுத் திரும்பக் கட்டினாங்க. இப்ப இருக்கிற குளோப் 1997-ல திறந்தது, 1666 தீ விபத்துக்கப்புறம் லண்டன்ல அனுமதி கிடைச்ச முதல் வேய்ந்த கூரை, தண்ணி தெளிக்கிற குழாயெல்லாம் வெச்சிருக்கு.

சிம்னி பின்னாடி வந்ததுன்னா அதுக்கு முன்னாடி சமையல் எப்படி?

கூடத்து நடுவுல தரையிலயே நெருப்பு. மேல மாடி கிடையாது, முகடு வரைக்கும் திறந்தவெளி, புகை அது இஷ்டத்துக்கு ஏறி வைக்கோல் இடுக்குல கசிஞ்சு போகும். கண்ணு எரியும், ஆனா கூரைல பூச்சி தங்காது. சிம்னி வந்ததும் மேல புகை இல்ல, அப்ப அந்த இடத்தை வீணாக்குவானேன்னு நடுவுல பலகை போட்டு மாடி ஆக்கிட்டாங்க. சமையலறைல ரொட்டி சுடுற அடுப்பு சுவரோட சேத்துக் கட்டினது இன்னும் இருக்கு.

அப்ப ஆளுங்க குள்ளமா? வாசல் எல்லாம் ஏன் அவ்வளவு தாழ்வு?

குள்ளம் எல்லாம் இல்ல, இப்ப இருக்கிற இங்கிலாந்துக்காரங்களை விடக் கொஞ்சம்தான் கம்மி. மாடி இல்லாம கட்டின வீட்டை நடுவுல ரெண்டாப் பிரிச்சா ரெண்டு பாதியும் தாழ்வாத்தானே வரும். ரூம் சின்னதா இருந்தா சூடும் நிக்கும். என் நெத்தில இன்னும் ஒரு தழும்பு இருக்கு, மாடிப்படி உத்தரம் குடுத்தது.

கரையான்?

அந்தக் குளிர்ல கரையான் கிட்டத்தட்ட கிடையாது. அதுக்குப் பதிலா ஒரு வண்டு, சாவுக்காவல் வண்டுன்னு பேரு, பழைய ஓக்குல ஈரம் பட்டுப் பூசணம் வந்த இடமாப் பாத்து முட்டை வெக்கும், புழு பல வருஷம் உள்ளயே தின்னுட்டு இருக்கும். வசந்த காலத்துல ஜோடி தேடி மண்டையால மரத்தைத் தட்டும், டொக் டொக்னு. சாகக் கிடக்கிறவங்க பக்கத்துல ராத்திரி முழிச்சு உக்காந்திருந்தவங்க காதுல விழுந்து அந்தப் பேரு வந்துச்சு. மருந்து அடிக்கிறதை விட மரத்தைக் காய வெக்கிறதுதான் வைத்தியம்.

ஷேக்ஸ்பியர் பொண்டாட்டிக்கு எழுதி வெச்ச கட்டில் அங்கதான் இருக்கா?

1616 உயில்ல "ரெண்டாவது நல்ல கட்டில்" ஆனுக்குன்னு எழுதினது நிஜம். இந்த வீட்டு மாடில செதுக்கு வேலைப்பாடோட ஒரு ஓக் கட்டில் இருக்கு, ஹாத்தவே கட்டில்னு காமிப்பாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல ஆதாரம் கிடையாது.

யாரு பாத்துக்கிட்டாங்க இத்தனை நாள்?

அந்தக் குடும்பமேதான், 13 தலைமுறைன்னு கணக்கு சொல்றாங்க. 1892-ல ஷேக்ஸ்பியர் பிறந்த இட அறக்கட்டளை வாங்கிச்சு, ஆனா வித்ததுக்கு அப்புறமும் மேரி பேக்கர்னு அந்த வம்சத்துப் பாட்டி 1899-ல சாகுற வரைக்கும் அங்கயே இருந்து வர்றவங்களுக்கு வீட்டைச் சுத்திக் காமிச்சாங்க.

போனா எதை மிஸ் பண்ணக் கூடாது?

எல்லாரும் முன்னாடி தோட்டத்துல பூவோட செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுறாங்க. நீங்க மாடிக்குப் போய் அந்த வளைஞ்ச மரத்தைத் தேடுங்க, அப்புறம் வெளிய வந்து பழசும் புதுசும் சேர்ற இடத்துல கூரை எப்படி ஏறி இறங்குதுன்னு பாருங்க. மர ஆணிங்க தலை சில இடத்துல கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும், தொட்டுப் பாக்க ஆசையா இருக்கும், காவலுக்கு நிக்கிறவங்க பாத்துட்டு இருப்பாங்க. படில குனிஞ்சு போங்க.